எவருடையதுமல்லாத கடல்



ஊர்க் குளம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் நீர் தனி ஒருவருக்கு உரியதன்று. ஆயினும், ‘இஃது எவருடையதுமன்று’ எனக் கூறி அவரவர் விருப்பம்போல் மடையைத் திறப்பாராயின், கடைவயல் காய்ந்துவிடும். ஆதலினாலேயே நீரைப் பங்கிட ஒரு முறையும், அம்முறையைக் காக்க ஒரு விதானையும் வேண்டியவாயின. இந்த எளிய நியாயம் பெருங்கடலை எட்டுவதற்கு நெடுங்காலம் சென்றது.

கடல் யாவருக்கும் திறந்தது என்னும் கொள்கையை ஒல்லாந்த அறிஞர் குரோசியசு 1609ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில், கரையையொட்டிய மூன்று மைல் அளவே அவ்வந் நாட்டுக்குரியது என்பது பெருவழக்காயிற்று. அதற்கப்பால் எவரும் செல்லலாம், எவரும் அள்ளலாம். நீராவிக் கலங்களும் குளிரூட்டும் பொறிகளும் பெருவலைகளும் வந்தபின், இச்சுதந்திரம் வல்லவன் வாரிக்கொள்ளும் உரிமையாக மாறிற்று.

1967 நவெம்பர் முதலாம் நாள், மோல்டா என்னும் சிறு தீவின் தூதுவர் ஆர்விட் பார்டோ ஐக்கிய நாடுகள் சபையில் நீண்டதோர் உரை நிகழ்த்தினார். ஆழ்கடலடியிற் கிடக்கும் மங்கனீசு, நிக்கல், செம்பு முதலிய செல்வங்கள் மனித குலத்தின் பொதுச்சொத்தாதல் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ‘எவருக்கும் உரியதன்று’ என்பதற்கும் ‘எல்லோருக்கும் உரியது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னையது கொள்ளைக்கு வழிவிடும். பின்னையது பொறுப்பைச் சுமத்தும். 1970இல் பொதுச்சபை இக்கருத்தை எதிர்வாக்கு ஒன்றுமின்றி ஏற்றது.

இதன்பின் 1973இல் தொடங்கிய கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் சேர்லி அமரசிங்க ஆவார். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அங்கே கூடின. கரையுடைய நாடுகளின் வேட்கை ஒன்று. கரையற்ற நாடுகளின் குறை வேறொன்று. இணக்கம் காண்பதற்கான முயற்சி யாவும் முடியும்வரை வாக்கெடுப்பில்லை என்பது அவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. 1978இல் அமரசிங்க தமது நாட்டுத் தூதுக்குழுவில் இடம்பெறவில்லை. ஆயினும், அவரே தலைவராக நீடிக்கவேண்டுமென மாநாடு தீர்மானித்தது. 1980 டிசெம்பரில் அவர் காலமானார். சிங்கப்பூரின் டொமி கோ அப்பணியை நிறைவு செய்தார்.

1982 டிசெம்பர் 10ஆம் நாள் யமெய்க்காவில் சாசனம் கையொப்பமாயிற்று. 1994இல் நடைமுறைக்கு வந்தது. ஆட்புலக் கடல் 12 கடல்மைல் எனவும், பொருளாதார வலயம் 200 கடல்மைல் எனவும் வரையறை பெற்றன. உரிமையோடு கடமையும் வந்தது: தன் வலயத்து மீன்வளம் அழியாது காத்தல் கரைநாட்டின் கடன். ஆயினும், கடலடிச் சுரங்க விதிகளை எதிர்த்த ஐக்கிய அமெரிக்கா இன்றுவரை இச்சாசனத்தில் இணையவில்லை.

மற்றுமொரு குறையும் இருந்தது. நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடல், முழுக் கடற்பரப்பில் ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கு. அங்குள்ள உயிர்களைக் காப்பதற்கெனத் தனி உடன்படிக்கை 2023 யூன் மாதத்திலேயே ஏற்கப்பட்டது. வேண்டிய அறுபது நாடுகளின் ஒப்புதல் 2025 செப்ரெம்பரில் நிறைவுற்றது. ஆழ்கடலிலும் காப்பிடங்களை வகுக்க இது வழி செய்கின்றது.

இவை தூரத்துச் செய்திகளல்ல. நமது மீனவர் பலநாட் கலங்களிற் சென்று தேடும் சூரைமீன் நமது வலயத்தில் மட்டும் வாழ்வதன்று. பிறர் கடலிலும் பொதுக்கடலிலும் திரிந்து வருவது. அங்கே பிறர் அதனை அளவின்றி அள்ளினால், இங்கே நமது அடுப்பு அணையும். நாம் அளவு கடந்தாலோ, வேறொரு தீவின் அடுப்பு அணையும். குளத்துக்கு முறை வகுத்த மக்களுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டுவதில்லை. முறை எழுதப்பட்டுவிட்டது, இனி, ஒவ்வொரு நாடும் தன் மடையைத் தானே காத்து நிற்றல் வேண்டும்.