துயருற்ற குழந்தைகளைத் தேற்றும் விதம்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

தாயையோ தந்தையையோ இழந்த குழந்தைக்கு அன்னமும் வஸ்திரமும் அளிப்பதில் நம்மவர் குறை வைப்பதில்லை. ஆயினும், "அறியாப் பிள்ளை, நாளடைவில் மறந்துவிடும்" என்று சொல்லி, அதனை மாமன் வீட்டில் மூன்று மாதமும் சிற்றப்பன் வீட்டில் மூன்று மாதமுமாக மாற்றி மாற்றி வைக்கிறோம். இது தகுமா என்பதையே இன்று ஆலோசிக்கப் புகுந்தோம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் மாநகரத்தின்மீது குண்டுகள் விழுந்த காலத்தே, 1941-ம் வருஷத்தில், ஆனா பிராய்டு அம்மையாரும் டாரதி பர்லிங்காம் அம்மையாரும் ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் விடுதி நடத்தலாயினர். அவர்கள் கண்டது யாது? குண்டுகளைக்காட்டிலும் தாயைப் பிரிந்த துயரமே சிறு குழந்தைகளை அதிகமாக வாட்டிற்று. தாதியர் யாவரும் எல்லாக் குழந்தைகளையும் பொதுவாகப் பேணியதால் ஒருவரிடத்தும் பற்று வேரூன்றவில்லை. ஆகவே, சில குழந்தைகளுக்கு ஒரு தாதி என்று சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். முதலில் பொறாமையும் அழுகையும் மிகுந்தன. பின்னர் அவை தணிந்தன. பின்தங்கிய குழந்தைகளும் விரைவில் முன்னேறின.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் அம்மையார் முதலானோர் நாற்பது வயதளவும் கவனித்து வந்தனர். வறுமை, குடும்பக் கலகம் முதலிய பல இடர்களுக்கு ஆளான குழந்தைகளிலும் மூன்றிலொரு பங்கினர் திறமும் அன்பும் உடையவராய் வளர்ந்தனர். பெற்றோரோ, பாட்டியோ, வேறொருவரோ, மாறாது ஆதரித்த ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தமை ஒரு முக்கிய காரணமாகக் காணப்பட்டது.

ஆதலால், நம் குடும்பங்களில் இத்தகைய குழந்தை இருப்பின், பலர் உதவுக. ஆனால் ஒருவரே பொறுப்பேற்று நிலையாக வளர்ப்பாராக. உண்ணும் வேளையும் உறங்கும் இடமும் மாறாதிருக்கட்டும். இறந்த தாயை "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லி ஏய்க்கலாகாது. அதற்கு விளங்கும் சொற்களால் உண்மையைக் கூறுதல் வேண்டும். அது இரவில் அஞ்சி அலறினாலும், படுக்கையை நனைத்தாலும், அடித்தல் கூடாது. அது துஷ்டத்தனமன்று, துயரத்தின் குறி. "தாயை விழுங்கிய பிள்ளை" என்னும் கொடுஞ்சொல் நம் இல்லங்களில் இனி ஒலியாதிருக்கக் கடவது.

புதிதாய் வளர்ப்பவளின் முந்தானையை விடாது பற்றி அழும் குழந்தையை நன்றியற்றதென்று எண்ணற்க. மீண்டும் ஒருவரை நம்ப அது துணிந்துவிட்டது என்றே கொள்க. அந்த நம்பிக்கையைக் காப்பதே நமது கடமை என்று சொல்லி அமர்கின்றோம்.