கர்ப்ப கால பிரஷருக்கு எந்த மாத்திரை?



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் பலர். கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் என்று டாக்டர் மாத்திரை எழுதினால், "குழந்தைக்கு ஆகுமா?" என்று பயப்படுகிறீர்கள். "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வேற மாத்திரை குடுத்தாங்களே, எது ஒசத்தி?" என்றும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம்.

கர்ப்ப காலத்தில் 140/90 என்றாலே அழுத்தம் அதிகம். மேல் அளவு 160 ஆனாலும், கீழ் அளவு 110 ஆனாலும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். தாய், சேய் இரு உயிருக்கும் ஆபத்து.

இதற்குப் பெரும்பாலும் தருவது லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்ற மூன்று மாத்திரைகள். நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில் 2015 முதல் 2017 வரை, அழுத்தம் மிகவும் ஏறிய 894 கர்ப்பிணிகளை மூன்று பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கெடுதல் ஏதும் நேராமல் ஆறு மணி நேரத்தில் அழுத்தம் அடங்கியவர்கள் நிஃபெடிபினில் நூற்றுக்கு 84 பேர், லேபெட்டலாலில் 77 பேர், மெத்தில்டோபாவில் 76 பேர். 2019-ல் இந்த முடிவு வெளியானது. நிஃபெடிபின் மெத்தில்டோபாவை முந்தியது உண்மை. ஆனால் மூன்றுமே பெரும்பாலோருக்குப் பலன் தந்தன.

அப்படியானால் நாமே நிஃபெடிபின் வாங்கிச் சாப்பிடலாமா? கூடாது! அங்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, அளந்து அளந்து கொடுத்தார்கள். இழுப்பு நோய் உள்ளவருக்கு லேபெட்டலால் ஆகாது. நிஃபெடிபினால் சிலருக்குத் தலைவலி, படபடப்பு வரும். மெத்தில்டோபா அசதி தரும். யாருக்கு எது என்று டாக்டர்தான் பார்த்துத் தர வேண்டும்.

மாமியாரின் பிரஷர் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முன்பே இவற்றைச் சாப்பிட்டு வருபவர், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்டு என்று மாத்திரையை விடாதீர்கள். வேலை நேரத்தைச் சொல்லி, எப்போது சாப்பிடுவது என்று நர்ஸிடம் கேளுங்கள். கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் கண்டால் ஷிப்டு முடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் கவனம் தேவை.

தவறாமல் அளப்போம்! தாயையும் சேயையும் காப்போம்!