சம்பளம் வேண்டாம் என்று சொன்ன ஜெனரல்

இன்னைக்கு ஸ்டாய்பனைப் பத்திப் பேசப்போறேன். பிரஷ்யாவில் பிறந்தவர். அமெரிக்க சுதந்திரப் போரில், 1778 பிப்ரவரியில், வாஷிங்டனின் படை பசியிலும் நோயிலும் கிடந்த வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்து சேர்ந்தார். சொந்த ஊர்ப் படையில் அவர் வெறும் கேப்டன்தான். பாரிஸிலிருந்து பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் எழுதிக்கொடுத்த அறிமுகக் கடிதத்தில் லெப்டினன்ட் ஜெனரல் ஆகிவிட்டார்! இங்கிலீஷும் வராது. சிப்பாய்களைத் திட்டவே உதவியாளர் வேணும். ஆனா அந்தப் படைக்கு ஒழுங்கா டிரில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

சிக்கல் எங்கேன்னா, முகாமுக்கு வரும் முன்பே யார்க் நகரத்தில் காங்கிரஸ் குழுவைப் பார்த்துப் பேசியிருந்தார். இப்போ சம்பளம் வேண்டாம், செலவுக்கு மட்டும் கொடுங்க, ஜெயிச்சா நான் இழந்ததைத் திருப்பிக் கொடுங்க, தோத்தா எதுவும் வேண்டாம். இதுதான் அவர் சொன்ன கணக்கு. முறையான ஒப்பந்தப் பத்திரம் எதுவும் போடல. போர் முடிஞ்சு அவர் கேட்டப்போ, அது ஒப்பந்தமே இல்லைன்னு வாதாடினாங்க.

காங்கிரஸை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அன்னைக்கு அதுக்கு வரி போடுற அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கையேந்தணும். சொந்தச் சிப்பாய்களுக்கே பாக்கி. இவரும் சிக்கனமான ஆள் இல்லை, கடன் ஏறிக்கிட்டே போச்சு.

குடியுரிமை மட்டும் சுலபமா கிடைச்சது. நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் அப்போ இல்லை, மாநிலங்களே கொடுத்தன. 1784-ல் பென்சில்வேனியா அவரைக் குடிமகனாக்கியது. நியூயார்க் 1786-ல் 16,000 ஏக்கர் கொடுத்தது. எல்லாம் காடு. காட்டை வெச்சுக் கடன்காரனுக்கு எப்படிப் பதில் சொல்றது?

1789-ல் புது அரசியல் சட்டப்படி அரசாங்கம் வந்தது, வரி வசூலிக்க முடிஞ்சது. நிதிச் செயலாளர் ஹாமில்டன், ஸ்டாய்பனுக்குச் சாதகமாகவே அறிக்கை கொடுத்தார். 1790 ஜூனில் ஆயுள் முழுக்க வருஷம் 2,500 டாலர்னு சட்டம் போட்டாங்க. அதே வருஷம் மார்ச்சில்தான் முதல் குடியுரிமைச் சட்டமும் வந்திருந்தது. அது சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும். அதைத் தனி எபிசோடாப் பேசணும்.

பணம் வர ஆரம்பிச்ச பிறகு அவர் நாலு வருஷம்தான் இருந்தார். 1794 நவம்பரில், அந்த நியூயார்க் காட்டு நிலத்தில் கட்டின மர வீட்டிலேயே இறந்துபோனார். கல்யாணம் ஆகல. சொத்தின் பெரும்பகுதியைப் போரில் தன்கூட இருந்த ரெண்டு உதவியாளர்களுக்கு எழுதிவெச்சிருந்தார்.