தோப்பியும் சாஹ்தியும்



இலக்கிய மேடையில் பீரைப் பற்றிப் பேசுவதா என்னும் தயக்கம் சிலருக்கு எழலாம். வகுப்பறையில் சங்கப் பாடல்களை நடத்துவோர் கள்ளைக் குறிக்கும் அடிகள் வந்ததும் குரலைத் தாழ்த்தி, விரைந்து கடந்துவிடுவதும் உண்டு. அவ்விரைவில் இழக்கப்படுவது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள்ளுக்கும் பீருக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. பாளையிலிருந்து வடியும் சாறு இனிப்போடே வருவது. கலயத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். தானியத்தில் இருப்பதோ மாவு. தானியத்தை முளைக்க வைத்து, அம்முளையின் ஆற்றலால் மாவைச் சர்க்கரையாக்கி, அதன் பின்னரே நொதிக்கச் செய்தல் வேண்டும். ஆகவே பீர், சமைக்கப்படும் மது. சமையல் என்று வந்துவிட்டால் ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறும், பெயரும் மாறும்.

ஐரோப்பியர் தம் பீர் வகைகளுக்கு இட்ட பெயர்களே இதற்குச் சான்று. இன்றைய செக் நாட்டுப் பில்சன் நகரில் 1842-இல் யோசப் குரோல் என்னும் பவேரியர் சமைத்த பொன்னிறப் பீர், ஊர்ப்பெயரால் பில்ஸ்னர் ஆயிற்று. குளிர்ந்த நிலவறையில் நெடுநாள் கிடத்தி முதிர்விக்கப்படுவது லாகர். அப்பெயர் சேமித்து வைத்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. மார்ச்சுத் திங்களில் சமைத்துக் கோடைக்கென்று வைக்கப்பட்டது மார்ட்சன். பிரஸ்ஸல்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில், கொதித்த சாற்றை அகன்ற தட்டத்தில் குளிர்கால இரவுக் காற்றுக்குத் திறந்து வைத்து, தானே வந்து சேரும் நுண்ணுயிர்களாலேயே நொதிக்க விடுவர், அது லாம்பிக். இவற்றையெல்லாம் பீர் என்ற ஒரு சொல்லால் மொழிபெயர்த்துவிட்டு நிறைவடையும் அகராதியை ஐரோப்பியர் ஏற்கமாட்டார்.

பவேரியாவில் 1516-இல் பிறந்த புகழ்பெற்ற ஆணை ஒன்று உண்டு. பார்லி, ஹாப்ஸ், நீர் என்னும் மூன்றையன்றிப் பிறிதொன்றும் பீரில் சேர்தல் கூடாது என்றது அது. ஹாப்ஸ் என்பது கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூங்கதிர். நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் அப்பட்டியலில் இல்லை. அஃது ஓர் உயிர் என்பதை அக்காலம் அறியாது. பீரைப் பற்றிய தம் ஆய்வு நூலை லூயி பாஸ்டர் வெளியிட்டது 1876-இல். கோபன்ஹேகன் நகரில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்ட்டைத் தனி வித்தாகப் பிரித்தெடுத்தது 1883-இல். ஆயின், சட்டம் எழுதியவர் விட்டுவிட்ட அந்த நான்காவது பொருளைப் பாட்டுக் கட்டியவர் விட்டுவிடவில்லை என்பது வியப்புக்குரியது.

பின்லாந்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி எலியாஸ் லொன்ரொத் தொகுத்த கலேவலா, 1849-இல் விரிந்த வடிவம் பெற்றது. உதயணன் என்னும் புனைபெயர் கொண்ட ஆர். சிவலிங்கம் 1994-இல் அதனைத் தமிழ்க் கவிதையாக்கித் தந்திருத்தலின், இந்த அவையில் பலர் அறிந்திருக்கக்கூடும். அதன் இருபதாம் பாடலில் ஒரு மணவிழாவுக்காகப் பீரின் பிறப்பு வரலாறு உரைக்கப்படுகிறது. ஒஸ்மோதார் என்னும் பெண் பார்லியும் ஹாப்ஸும் நீரும் சேர்த்துச் சமைக்கிறாள். பவேரிய ஆணை கூறிய மூன்றும் உள்ளன; பீர் மட்டும் பொங்கவில்லை. எதனைச் சேர்த்தால் பொங்கும் என்று கவல்கிறாள். அணில் கொணர்ந்த ஊசியிலை மரக்காய்கள் பயன்படவில்லை. கரடியின் வாய்நுரையும் பயன்படவில்லை. தேனீ கொணர்ந்த தேனை இட்டதும் பீர் பொங்கிக் கலத்தின் விளிம்பைக் கடந்து வழிகிறது. தேனிலும் மலரிலும் காட்டு ஈஸ்ட் உறைவதைப் பிற்கால அறிவியல் காட்டியது. பாடியவர் அதன் பெயரை அறியார். அஃது இருந்தாக வேண்டிய இடத்தை அறிவார்.

அக்கதையில் பீருக்கு ஒரு குறை உண்டு. தன்னைப் பாடுதற்குத் தக்க பாடகன் வராவிட்டால் மிடாவின் வளையங்களை உடைத்து வெளியேறிவிடுவதாக அது அச்சுறுத்துகிறது! புலவர்க்கு இத்துணை மதிப்பளித்த மது வேறு மொழியில் உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

பின்லாந்தின் நாட்டுப்புற வீடுகளில் சாஹ்தி என்னும் பழம்பீர் இன்றும் சமைக்கப்படுகிறது. முளைதானியச் சாற்றை ஜூனிப்பர்ச் சிறுகிளைகள் பரப்பிய மரத்தொட்டியில் வடித்து, ரொட்டிக்கு இடும் ஈஸ்ட்டையே இட்டு நொதிக்க வைப்பர். அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் மரபுப் பொருளுக்குரிய பெயர்க்காப்பு வழங்கியது. ஆங்கே பாட்டும் உள்ளது, பண்டமும் உள்ளது.

தமிழில் பாட்டு மட்டுமே எஞ்சியது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்தில் அரிசியால் மது சமைக்கும் முறையைப் படிப்படியாக விரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி அட்டு, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். ஆறிய பின்னரே அடையைக் கலக்கின்றனர். இவ்வரிசைமுறை தற்செயலானதன்று, கொதிக்கும் களியில் இட்டால் அடையின் ஆற்றல் மடிந்துவிடும். இரு பகலும் இரு இரவும் சாடியில் விளைந்தபின், வெந்நீர் விட்டு அரித்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர்.

அந்த அடையை உரைமரபு முளை என்று கொள்ளும். புலவரோ அதனைப் புற்றினுள் இருக்கும் குரும்பியோடு உவமிக்கிறார். குரும்பி என்பது கறையான் பூஞ்சை வளர்க்கும் கூடு. வடிவொப்புமை கருதியே அவர் கூறியிருக்கலாம். எனினும் நொதி ஏறிய ஒரு பொருளுக்கு இதனினும் பொருத்தமான உவமையைக் காணல் அரிது. சந்தால் மக்கள் ஹண்டியா என்னும் அரிசி மதுவுக்கு இன்றும் இடும் ராணு, அரிசிமாவும் வேர்களும் சேர்த்து உருட்டிய வெண்ணிற வில்லையே. அதனைக் கண்டவர்க்கு அடை என்னும் சொல் உடனே விளங்கும்.

செய்முறை மறைந்தபின் சொற்களுக்கு நேர்ந்ததே பெரிய இழப்பு. அரித்து எடுப்பது அரியல். பிழிந்து எடுப்பது பிழி. தெளிய வைத்து இறுப்பது தேறல். வீட்டில் நெல்லால் சமைப்பது தோப்பி. ஐரோப்பியர் ஊராலும் திங்களாலும் பிரித்ததைத் தமிழர் கைவினையால் பிரித்தனர். பதவுரைகளோ இவை அனைத்தையும் 'கள்' என்று எழுதி, ஒரே கலயத்தில் ஊற்றிவிட்டன. தேறல் என்று புலவர் தேர்ந்த இடத்தில் அரியலை வைத்தால் விருந்தின் தரமே மாறும் என்பதை மாணவர் அறிய வழியில்லை.

பெரும்பாணாற்றுப்படையின் அச்செய்முறை யாரிடம் கூறப்படுகிறது என்பதும் நோக்கத்தக்கது. கேட்பவன், இளந்திரையனை நாடி நெடுவழி நடக்கும் வறிய பாணன். அவன் தளர்ந்து வலைஞர் சேரியை அடையும்போது, சுட்ட மீனோடு அந்த நறும்பிழி அவனுக்குக் கிடைக்கும்.