தளரும் சக்கரம்

நாரணாபுரத்தில் தரைச்சக்கரம் அறியாத பிள்ளை உண்டோ? மருந்து தீர்ந்தால் அது ஓயும். இடப ராசியிலோ மருந்தின்றியே ஒரு சக்கரம் சுழல்கின்றது. சோழர் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆண்ட நாளில், 1054இல், ஆங்கொரு விண்மீன் வெடித்ததைச் சீனர் எழுதிவைத்தனர். எஞ்சிய கரு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமே. பொருண்மையோ கதிரவனை விஞ்சும். நொடிக்கு 30 முறை சுழலும் அதனை அறிஞர் 1968இல் கண்டனர்.

அதன் காந்தப்புலம் சுழற்சியின் ஆற்றலை வெளியே வீசுகின்றது. சூழ்ந்த நண்டு முகில் அதனாலேயே ஒளிர்கின்றது. தன் வேகத்தையே நெய்யாக வார்க்கும் விளக்கு என்க! இதனைக் கூத்தப்பிரான் ஆடலுக்கு ஒப்பிடுவோர் உளர், நாம் உடன்படோம். அவ்வாடல் தளராதது. இஃதோ, நாள்தோறும் ஒரு சுற்றுக்கு நொடியின் நூறு கோடியில் ஏறத்தாழ 36 பங்கு தாமதிக்கின்றது. இளமையில்தான் இத்தளர்ச்சி மிகுதி, முதுமையில் குறையும். இடையே சட்டென விரைவதும் உண்டு. இத்தகைய துள்ளல்களை, உதகையருகே முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் பதிந்துள்ளது.