லீவர் நகரலையா? கதவைத் திறக்காதீங்க

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல ஃபிலிம் அட்வான்ஸ் லீவர் சிக்கிடுச்சுன்னா நம்ம கை முதல்ல இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளும். அடுத்து பின்கதவைத் திறக்கப் போகும். இந்த ரெண்டையும் தடுக்கத்தான் இந்த எபிசோட்.

கேனோனெட் க்யூஎல்17 ஜி3-ஐ எடுத்துக்குவோம். 1972-ல வந்த மாடல். லீவரை ஒரு தடவை இழுத்தா, உள்ளே இருக்கிற பல்சக்கரம் ஃபிலிமை எட்டு ஓட்டை தூரம் நகர்த்தும். 38 மில்லிமீட்டர், படத்துக்கு 36, இடைவெளிக்கு 2. அதே இழுப்புல லென்ஸுக்குள்ள இருக்கிற ஷட்டரோட ஸ்பிரிங்கும் ஏறிடும். ஏறினதும் லீவர் லாக் ஆகும், க்ளிக் பண்ணினாத்தான் விடும். இல்லைன்னா படம் எடுக்காமலே ஃபிரேம் வீணாகும் இல்லையா?

இப்போ இன்னொரு லாக். அப்பர்ச்சர் வளையம் 'ஏ'-ல இருந்தா, வெளிச்சம் சரியா இல்லாதப்போ ஷட்டர் பட்டன் அமுங்காது. பேட்டரி செத்திருந்தா மீட்டர் முள் அசையாது, அதனால கேமராவைப் பொறுத்தவரை எப்பவுமே கும்மிருட்டுதான். லென்ஸ் மூடியைக் கழட்டலைன்னாலும் இதே கதை. பட்டன் அமுங்காததால லீவர் விடாது. லீவரும் நகராது, பட்டனும் நகராது. நம்ம வேலையில இதுக்கு டெட்லாக்னு பேரு! எதுவுமே உடையலை.

நம்ம லிசனர் ஒருத்தங்க கேமரா இப்படித்தான் நின்னுபோயிருந்துச்சு. அவங்க அப்பாவோடது, அப்பா இப்போ இல்லை. கடையில கதவைத் திறந்து பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. நான் ஃபிரேம் கவுன்ட்டரைப் பார்க்கச் சொன்னேன். 14. கதவைத் திறந்தா அந்த எண் ஆரம்பத்துக்குப் போயிடும். அப்படின்னா கடைசியா மூடினதுக்கப்புறம் யாரும் திறக்கலை. ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி பக்கமா மெதுவா சுத்தினா இறுக்கமா நின்னுச்சு, அதாவது உள்ளே ஃபிலிம் இருக்கு. அப்பா எடுத்து, யாருமே பார்க்காத படங்கள். திறந்திருந்தா ஒரே நொடியில வெள்ளையாப் போயிருக்கும். வளையத்தை 'ஏ'-ல இருந்து 8-க்குத் திருப்பி அழுத்தச் சொன்னேன். க்ளிக். லீவர் வந்துடுச்சு. மிச்ச ஃபிரேம்ல புதுசா எடுக்கலாமானு கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். அடியில இருக்கிற ரீவைண்ட் பட்டனை அமுக்கி, முழுசா சுத்தி, பழைய ஃபிலிம்னு சொல்லியே லேபுக்கு அனுப்பியாச்சு. பேட்டரி அறையில பச்சையா அரிப்பு, அது தனிக் கதை.

'ஏ'-ல இல்லை, க்ளிக்கும் ஆகுது, ஆனாலும் லீவர் பாதியிலேயே நிக்குதா? ரோல் முடிஞ்சிருக்கலாம். 36-க்கு பக்கத்துல நின்னா சந்தேகமே வேண்டாம். அங்கே பலம் காட்டினா ஓட்டைகள் கிழியும், கிழிஞ்ச துண்டு பல்சக்கரத்துல மாட்டும். ரீவைண்ட் பண்ணுங்க. ஃபிலிம் வெளியே வந்த பிறகும் லீவர் நிக்குதுன்னா அப்போ கேமராவுலதான் கோளாறு, மெக்கானிக்கைத் தேடுங்க.

இதுக்கு நேர்மாறா, லீவர் வெண்ணெய் மாதிரி சுலபமா ஓடுறதும் ஒரு நோய்தான். இழுக்கும்போது ரீவைண்ட் கைப்பிடி கூடவே சுத்துதானு பாருங்க. முதல் சில ஃபிரேம்ல தளர்வா இருந்தா சுத்தாம இருக்கலாம். அஞ்சாறு ஃபிரேம் தாண்டியும் அசையலைன்னா ஃபிலிம் நகரலை. ஸ்பூல்ல இருந்து நழுவியிருக்கும், இல்லை ஓட்டை கிழிஞ்சிருக்கும். டார்க் பேக்குக்குள்ள மட்டும் திறங்க.

அப்புறம், லீவர் இடுக்குல எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கச் சொல்ற வீடியோக்கள் நிறைய இருக்கு. அடிக்காதீங்க. அந்த எண்ணெய் நின்ன இடத்துல நிக்காது. ஷட்டர் இதழ்கள் மெல்லிசான தகடு, ஒரு சொட்டு போனாலும் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். லீவர் ஓடும், க்ளிக் சத்தமும் வரும், இதழ் திறக்காது. ரோலைக் கழுவின பிறகுதான் தெரியும்.