டிடிஎஸ் பேனா சொல்லாதது

(உலகச் சுற்றுச்சூழல் தினத்தையொட்டி நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் லிஃப்டில் ஒரு அம்மா கேட்டார்: “பொண்ணு சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கணும்கிறா. மரம் நடுறதுக்கு எதுக்கும்மா டிகிரி?” பத்து வருஷத்துக்கு முன் என் அப்பாவும் இதையேதான் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று சொல்கிறேன்.

நம்மில் பலர் வீட்டில் டிடிஎஸ் பேனா வைத்திருக்கிறோம். லாரித் தண்ணீர் வந்ததும் முக்கிப் பார்த்து, 500-க்குள் இருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரநிலையும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்தப் பேனா கரைந்திருக்கும் உப்பை மட்டுமே கணிக்கும். சாக்கடை கசிந்து கிருமி கலந்திருந்தால் அதற்குத் தெரியாது. அதற்குக் கோலிஃபார்ம் பரிசோதனை வேண்டும்.

எம்.எஸ்சி. முதல் வருஷம், அப்போது நாங்கள் இருந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். பேனா 320 காட்டிய அதே தண்ணீரில் கோலிஃபார்ம் இருந்தது. தேடிப் பார்த்தால், சம்ப் சுவரில் விரிசல். அப்பா அன்று சாயங்காலமே கொத்தனாரைக் கூப்பிட்டார். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

எதை அளப்பது, எப்படி அளப்பது, வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம்: இந்தப் படிப்பு கற்றுத்தருவது இதைத்தான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. அங்கே கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அந்த மாதிரி இடத்தில் கோஷம் எடுபடாது, ஆய்வறிக்கைதான் பேசும்.

எந்த டிகிரி படித்தாலும் சுற்றுச்சூழல் பாடம் ஒன்று உண்டு. 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அதற்கு அடிப்படை. பாஸ் பண்ணினால் போதும் என்று தள்ளிவிடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

இதையே முழுநேரமாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள். வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. சேரலாம். அல்லது சிவில் படித்துவிட்டுச் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. செய்யலாம், கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பரிசோதனைக் கூடங்கள், தொழிற்சாலைகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் என வேலை உண்டு. ஐ.டி. சம்பளம் எடுத்தவுடன் வராது. அதை மறைக்க மாட்டேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் சம்ப் தண்ணீரை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். நம் பிள்ளைகள் அதைப் படித்துக் கேள்வி கேட்கட்டும்.

லிஃப்டில் கேட்ட அம்மாவுக்கு: உங்கள் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு அனுப்புங்கள். பேசுவோம்.